வானத்து ஒளியும் மக்கள் பேச்சும்

வானம் எல்லோருக்கும் பொதுவானது. அதனைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை; கல்வித் தகுதி வேண்டுவதில்லை; அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. ஆதலினாலே, வானில் வழக்கத்துக்கு மாறானதொன்று தோன்றுமாயின், அதனைக் கண்டேன் என்று கூறும் உரிமை உழவனுக்கும் உண்டு, விமானிக்கும் உண்டு, பள்ளிச் சிறுவனுக்கும் உண்டு. ஆயினும், கண்டது இன்னதுதான் என்று துணிந்து கூறும் உரிமை அத்துணை எளிதிற் கிட்டுவதன்று. "கண்டேன்" என்பதற்கும் "இன்னதைக் கண்டேன்" என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கின்றது. அத்தூரத்தைப் பொதுமக்களும் விஞ்ஞானிகளும் அரசுகளும் எவ்வாறு கடந்தனர், எங்கே இடறினர் என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன். பறக்கும் தட்டுகள் என்று நம் முந்திய தலைமுறையினர் வியந்து பேசியவையும், இனந்தெரியாத வான்தோற்றங்கள் என்று இன்றைய ஆய்வாளர் குறிப்பிடுபவையும் இவ்வாராய்ச்சிக்கு உரிய பொருளாகும்.

இக்கதை ஐக்கிய அமெரிக்காவிலே 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் நாள் தொடங்கியதென்று கூறுவது மரபு. அன்று கெனத் ஆர்னோல்ட் என்னும் வணிகர், தமது சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைக்கு அருகே பறந்துகொண்டிருந்தபோது, பளிச்சிடும் ஒன்பது பொருள்கள் மிக விரைவாகச் செல்லக் கண்டதாக அறிவித்தார். நீரின்மேல் வீசிய தட்டொன்று தத்தித் தத்திச் செல்வது போன்று அவை சென்றன என்று அவர் அவற்றின் இயக்கத்தை விளக்கினார். செய்தியாளர்களோ இயக்கத்துக்குக் கூறப்பட்ட உவமையை வடிவத்துக்கு உரியதாக்கிப் "பறக்கும் தட்டு" என்னும் பெயரைப் படைத்துவிட்டனர். பெயர் பிறந்தபின் தட்டு வடிவங்களைக் கண்டோர் தொகையும் பெருகிற்று. மனிதனுடைய கண் தனித்துக் காண்பதில்லை. செவி கேட்டுவைத்த சொல்லும் அதனுடன் சேர்ந்தே காண்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

அடுத்த மாதத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து ரோஸ்வெல் என்னுமிடத்துக்கு அருகே ஒரு பண்ணையில் விழுந்துகிடந்த சிதைவுகளைப் பற்றி, பறக்கும் தட்டொன்று கைப்பற்றப்பட்டதென 1947 யூலை 8ஆம் நாள் அங்குள்ள படைத்தளம் அறிக்கை விடுத்தது. ஒரு நாள் கழிவதற்குள் அது வானிலை ஆராயும் பலூனேயென்று திருத்தம் வந்தது. உண்மையில் அது சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளை ஒலியலைகளால் அறிதற்பொருட்டு இரகசியமாகப் பறக்கவிடப்பட்ட பலூன் தொடரின் சிதைவென்று 1994ஆம் ஆண்டிலே அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இடையிற் கழிந்தவை நாற்பத்தேழு ஆண்டுகள்! அத்துணைக் காலம் மறைத்துவைக்கப்பட்ட ஒன்றைப் பற்றி மக்கள் தாமே கதை புனைந்துகொண்டதில் வியப்பென்ன? அரசு மௌனம் சாதிக்கும் இடத்திலே வதந்தி வாய் திறக்கும்.

இவ்வகை அறிவிப்புகளைத் திரட்டி ஆராயும் பணியை அமெரிக்க விமானப்படை பல ஆண்டுகள் செய்துவந்தது. "நீலப் புத்தகம்" என்று பெயரிடப்பட்ட அத்திட்டம் 1952ஆம் ஆண்டு தொடங்கி 1969ஆம் ஆண்டு முடிவுற்றது. 1947 முதல் அதுவரை அதன் ஏடுகளிற் பதிவானவை 12,618 அறிவிப்புகள். அவற்றிற் பெரும்பாலானவை கோள்கள், விண்மீன்கள், எரிகற்கள், பலூன்கள், விமானங்கள் என்று அடையாளம் காணப்பட்டன. 701 மாத்திரமே அடையாளங் காணப்படாது எஞ்சின. இவ்வெஞ்சிய தொகையைப் பற்றியே இன்றளவும் வழக்கு நடைபெறுகின்றது. ஒரு சாரார், "701 வேற்றுலக ஊர்திகள் வந்துள்ளன" என்பர். மற்றொரு சாரார், "701 பேர் உளறினர்" என்பர். ஏட்டிற் பதிவானதோ "அடையாளம் காணப்படவில்லை" என்பது மாத்திரமே. அடையாளங் காண்பதற்குப் போதிய தகவல் இல்லாத கடிதத்தை, முகவரி இல்லாத கடிதம் என்று தபாற்கந்தோரில் ஒதுக்கிவைப்பர். முகவரி இல்லாமையால் அது செவ்வாய்க் கோளிலிருந்து வந்ததென்று எந்தத் தபால் அதிபரும் முடிவு செய்வதில்லை. அனுப்பியவர் அறிவிலி என்றும் எழுதிவைப்பதில்லை.

அத்திட்டத்துக்கு ஆலோசகராக விளங்கிய வானியல் அறிஞர் அலென் ஹைனெக் என்பாருடைய அனுபவம் நம் கவனத்துக்கு உரியது. 1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மிச்சிகன் மாநிலத்திலே, சதுப்பு நிலங்களின்மேல் விந்தையான ஒளிகளைக் கண்டதாகப் பலர் கூறினர். அவசரமாக அங்கு அனுப்பப்பட்ட ஹைனெக், அவற்றுட் சில சதுப்பு நிலத்து வாயு எரிந்தமையால் உண்டாகியிருக்கலாம் என்றார். நம் நாட்டு வயல்வெளிகளிலும் வில்லுக்கரைகளிலும் கொள்ளிவாய்ப் பிசாசு என்று மூத்தோர் அஞ்சிய ஒளிக்கு நெடுங்காலமாகக் கூறப்படும் விளக்கமும் இதுவே. ஆனால் மிச்சிகன் மக்கள் கொதித்தெழுந்தனர். நேரிற் கண்ட தம்மை விசாரணை நிறைவுறுமுன்னரே பேதைகளாக்கிவிட்டனர் என்பது அவர்தம் குறை. அம்மாநிலத்துப் பாராளுமன்ற உறுப்பினராய் இருந்தவரும், பின்னர் அந்நாட்டின் சனாதிபதி ஆனவருமாகிய ஜெரால்ட் போர்ட், முறையான விசாரணை வேண்டுமெனக் குரல் எழுப்பினார். அதன் பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்திலே எட்வர்ட் கொண்டன் என்னும் பௌதிகவியல் அறிஞர் தலைமையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதுவரை கிடைத்த அறிவிப்புகளினால் விஞ்ஞானத்துக்கு ஆக்கம் எதுவும் விளையவில்லையென்று 1968ஆம் ஆண்டில் அவ்வாய்வு முடிவு கூறிற்று. ஹைனெக்கோ அம்முடிவை ஏற்கவில்லை. தொடக்கத்தில் ஐயவாதியாக இருந்த அவர், எஞ்சிய சில அறிவிப்புகள் எள்ளி ஒதுக்கத்தக்கன அல்லவென்று பிற்காலத்தில் வாதாடினார். கற்றறிந்தோரிடையேயும் கருத்து வேறுபடும். அது விஞ்ஞானத்துக்கு இழுக்காகாது.

இனி, நமக்கு அண்மையில் உள்ள பாரத நாட்டுக்கு வருவோம். இமயத்தின் உயரத்திலே, லடாக் பகுதியில், சீன எல்லையை ஒட்டிக் காவல் புரியும் இந்தியப் படையினர், ஏரியொன்றின்மேல் இனந்தெரியாத ஒளிகள் தோன்றுவதை 2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை 329 தடவை பதிவு செய்தனர். அயல்நாட்டின் வேவு விமானங்களோ என்னும் ஐயம் எழுந்தது. எல்லையில் இரு படைகள் எதிரெதிரே நிற்கும் இடத்திலே இத்தகைய ஐயம் விளையாட்டன்று. ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் போதுமான காரணம் அது. நல்வினைப்பயனாக, அவர்கள் சுடுவதற்கு முன்னர் வினவினர். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தின் அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். ஒளிகள் தோன்றிய நேரத்தையும் திசையையும் வானத்துக் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டு அவர்கள் கண்ட முடிவு யாது? ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வானத்தில் வலம்வரும் இரு கோள்களே வேவுக்காரராகத் தோன்றியுள்ளன.

படைவீரர் பயிற்சியற்றவர் அல்லர். கண்பார்வை குன்றியவரும் அல்லர். பின் எவ்வாறு இது நிகழ்ந்தது? மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். ஊருக்குப் பெயர் வைக்கும்போதே வானத்தை நோக்கி வைத்தவர்கள் அவர்கள். கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சேர்ந்தது. விடியுமுன் இக்கரையில் நிற்பவனுக்கு, வெள்ளி வாவியின் மேலாகக் கிழக்கே எழும். அதனை விடிவெள்ளி என்போம். வேறு மாதங்களில் ஞாயிறு பட்டபின் எழுவான்கரையில் நிற்பவனுக்கு, அதே வெள்ளி வாவியின் மேலாக மேற்கே இறங்கும். இரண்டும் ஒன்றேயென்று கணித்தறிந்தது வானியல். ஞாயிறும் திங்களும் நீங்கலாக, வானிலே நிலைபெற்று ஒளிர்வனவற்றுள் வெள்ளியே மிக்க பிரகாசமுடையது. ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு அப்பால் அது விலகிச் செல்வதில்லை. ஆகவேதான் நள்ளிரவிலே நம் நாட்டு வானில் அதனைக் காண முடியாது. விடியலிலும் அந்தியிலுமே காணலாம்.

அவ்வெள்ளி அடிவானத்துக்கு அண்மையில் இருக்கும்போது அதன் ஒளி நெடுந்தூரம் காற்றினூடே வரவேண்டியிருக்கின்றது. வெப்பமும் குளிர்ச்சியும் கலந்த காற்றுப் படலங்கள் அவ்வொளியை மாறிமாறி வளைக்கும். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அது பளிச்சிடும். இருளிலே தனித்த ஓர் ஒளிப்புள்ளியைச் சிறிது நேரம் உற்று நோக்கினால், அது நிலையாக இருந்தும் அசைவதுபோலத் தோன்றும். கண்ணின் நுண்ணிய அசைவும், ஒப்பிட்டுப் பார்க்க அயலில் வேறொன்று இல்லாமையும் அதற்குக் காரணங்கள். மேலும், ஓடும் வண்டியில் இருப்பவனை அது தொடர்ந்து வரும். மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரை படகிலேறி வாவியைக் கடந்தோர், கரையிலுள்ள தென்னைகள் பின்னே செல்லவும் வானத்து வெள்ளி உடன் வரவும் கண்டிருப்பர். அண்மையில் உள்ளது பின்தங்கும். எட்டாத் தொலைவில் உள்ளது உடன்வரும். இது பார்வையின் இயல்பு. ஒளியின் உண்மையான பருமன் தெரியாதபோது அதன் தூரத்தையும், தூரம் தெரியாதபோது அதன் வேகத்தையும் கண்ணால் அளக்கவே இயலாது. "அரை மைல் தூரத்தில் மிக வேகமாகச் சென்றது" என்று ஒருவர் சாட்சி கூறும்போது, அவர் பொய்யுரைக்கவில்லை. தாம் அளக்க இயலாத ஒன்றை அளந்ததாகக் கருதிக்கொள்கிறார்.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர். 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டு, 2008ஆம் ஆண்டு இங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கை யாவரும் அறிவர். செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். 1964ஆம் ஆண்டில் ஒரு நாளிரவு அவரும் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் நியூயார்க் நகரத்து வானிலே பேரொளியோடு ஊர்ந்து சென்ற ஒன்றைக் கண்டு திகைத்தனர். பறக்கும் தட்டுகளைப் பற்றிய கதைகளை நம்பாத கிளார்க்கும் அன்று கலங்கினார். விசாரித்தறிந்தபோது அது "எக்கோ" என்னும் பலூன் செய்மதியென்று தெளிவாயிற்று. செய்மதிகளை முன்னுரைத்த அறிஞரே ஒரு செய்மதியைக் கண்டு மயங்கினார் எனின், வயல் வாடியிற் காவலிருக்கும் உழவர் மயங்குவதை நகைப்பதற்கு நாம் யார்?

நகைப்பு பற்றிப் பேச்சு எழுந்தமையால், விஞ்ஞானிகளே நகைப்புக்கு இடமான வரலாற்றையும் கூறவேண்டும். வானிலிருந்து கற்கள் விழுகின்றன என்று ஐரோப்பிய நாட்டுப்புற மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலே கூறியபோது, கற்றோர் அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். 1768ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூசே என்னும் ஊரில் விழுந்த கல்லை, நவீன இரசாயனத்தின் தந்தையெனப் போற்றப்படும் லவோசியே உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து, அது மின்னல் தாக்கிய நிலத்துக் கல்லேயென்று முடிவு கூறினர். 1794ஆம் ஆண்டு கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர், கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று நூல் எழுதியபோதும் பலர் ஏற்கவில்லை. 1803ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நோர்மண்டிப் பகுதியிலே லேகிள் என்னும் ஊரைச் சூழ ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. பியோ என்னும் இளம் பௌதிகவியலாளர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்றார். ஒருவரையொருவர் அறியாத மனிதர்களைத் தனித்தனியே வினவினார். கற்கள் கிடந்த இடங்களைக் குறித்துப் படம் வரைந்தார். அக்கற்களுக்கும் அப்பகுதி நிலத்துக் கற்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கைக்குப் பின்னர் விண்கற்களின் உண்மையை மறுப்பார் அருகினர். நாட்டுப்புறத்தார் சொல்லே வென்றது.

இதற்கு நம் வாவியிலும் ஓர் உதாரணம் உண்டு. நிலாக் காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து இன்னிசை போன்ற ஒலி எழுகின்றதென்று மட்டக்களப்பு மீனவர் கூறிவந்தனர். 1848ஆம் ஆண்டிலே, குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ற், அதனை வெறுங்கதையென்று தள்ளிவிடவில்லை. தோணியிலேறி இரவில் வாவிக்குச் சென்று, தம் செவியாற் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே எழுதிவைத்தார். ஒலி எழுப்புவது ஊரி என்னும் சிப்பியினம் என்று மீனவர் கூறியதையும் உடன் குறித்தார். பின்வந்தோர் அவ்வொலியைக் கருவிகளைக் கொண்டு பதிவும் செய்தனர். பாடும் மீன் என்று உலகம் வழங்கும் அவ்வொலிக்கு உரியது மீனோ, சிப்பியோ என்னும் வழக்கு வேறு. ஒலி உண்டு என்பதில் வழக்கில்லை. கண்டோர் சொல்லையும் கேட்டோர் சொல்லையும் மதித்தல் வேண்டும்; அவர்தம் விளக்கத்தை மாத்திரம் சோதித்தல் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிவதே விஞ்ஞான மனப்பான்மையின் முதற்படியாகும்.

அப்படியில் நிலையாக நிற்பது எத்துணைக் கடினமென்பதற்கு, நம் அயல் மாவட்டமாகிய பொலன்னறுவையில் நிகழ்ந்தது சான்று. 2012ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் மாலை, அரலகங்வில பகுதி மக்கள் வானிலே ஒரு தீக்கோளம் செல்லக் கண்டதாகவும், கற்கள் விழுந்ததாகவும் தெரிவித்தனர். பொறுக்கியெடுத்த கற்கள் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றன. அங்கிருந்து சில மாதிரிகள் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. கொழும்பிற் பிறந்து, பிரெட் ஹொயில் என்னும் புகழ்பெற்ற வானியல் மேதையோடு இணைந்து உழைத்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் அவற்றை நுண்நோக்கியால் ஆராய்ந்தனர். விண்கல்லினுள்ளே, டயற்றம் என்னும் நுண்பாசிகளின் புதைபடிவங்கள் காணப்படுகின்றன என்று சில வாரங்களுக்குள், 2013 சனவரியில், அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பூமிக்கு வெளியே உயிர் உண்டு என்பதற்குச் சான்று நம் நாட்டு மண்ணிலே கிடைத்துவிட்டதென்று செய்தித்தாள்கள் முழங்கின.

பிறநாட்டு ஆய்வாளர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். அவர்கள் எழுப்பிய வினாக்கள் மிக எளியவை. அந்தக் கற்கள் வானிலிருந்தே விழுந்தன என்பதற்குச் சான்று யாது? தீக்கோளத்தைக் கண்டபின் வயலிற் பொறுக்கிய கல், முன்னரே வயலிற் கிடந்த கல்லாக இருத்தல் கூடாதோ? படத்திற் காணப்படும் டயற்றங்கள் இன்றும் பூமியின் நன்னீரிலே வாழும் வகைகளைப் போல் இருக்கின்றனவே. நீர் தேங்கிய நிலத்திலிருந்து அவை கல்லினுள்ளே புகுந்திருத்தல் இயலாதோ? பொலன்னறுவை குளங்களும் வயல்களும் நிறைந்த பூமி. அங்கே டயற்றம் இல்லாத ஈரமண்ணைத் தேடுவதே அரிது. விண்வெளித் தூசியில் கரிமப் பொருள்கள் உண்டு என்று விக்கிரமசிங்க முன்னர்ச் செய்த ஆய்வுகள் மதிப்புப் பெற்றவை. எனினும் விஞ்ஞானத்திலே முன்செய்த நற்பணி பின்கூறும் முடிவுக்குப் பிணையாக நிற்பதில்லை. ஒவ்வொரு முடிவும் தன் காலில் தானே நிற்றல் வேண்டும். அவர் நம் நாட்டவர் என்பதற்காக ஏற்பதும் முறையன்று. பிறநாட்டார் மறுத்தனர் என்பதற்காக எள்ளுவதும் முறையன்று.

அவசரம் ஆட்சியாளரையும் விடுவதில்லை. 2016 பெப்ரவரி 6ஆம் நாள் தமிழ்நாட்டிலே, வேலூர் மாவட்டத்துப் பொறியியற் கல்லூரி வளாகமொன்றில் வெடிப்பு நிகழ்ந்து, பேருந்துச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்தமையே காரணமென்று மாநில அரசு அறிவித்தது. விண்கல் தாக்கி மனிதன் இறந்த முதற் செய்தியென்று உலகத் தாள்கள் எழுதின. வெளியான படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் அறிஞர்கள், அது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருக்கின்றதென்று கூறினர். அறியாக் காரணத்தை வானத்தின்மேல் ஏற்றிவிடுதல் எளிது. ஆனால் இறந்த ஓர் உழைப்பாளியின் குடும்பத்தார், உண்மைக் காரணம் எதுவென்று அறியும் உரிமை உடையவர் அல்லரோ? வானத்தின்மேல் பழிபோடுவதனால் மண்ணிலுள்ள பொறுப்பு மறைந்துவிடக் கூடாது.

இவற்றுக்கு மாறாக, வானத்துப் பொருளொன்றை முறையாக எதிர்கொண்ட நிகழ்ச்சியும் நம் நாட்டுக்கு உண்டு. 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் அமெரிக்க நாட்டு வானாய்வுக் குழுவொன்று, பூமியை நெடுந்தொலைவிலே சுற்றிவரும் ஒரு சிறு பொருளைக் கண்டது. நீளம் ஒன்றிரண்டு மீற்றருக்கு மேற்படாது. யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. இனந்தெரியாத வான்பொருள் என்னும் பெயருக்கு முழுத் தகுதியுடையது அது! ஆயினும் அது நவம்பர் 13ஆம் நாள் முற்பகல் 11.48 மணியளவில் இலங்கையின் தென்கரைக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிற் கடலின்மேல் விழும் என்று கணித்தறிந்து முன்னரே அறிவித்தனர். மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அறிஞர் சிலர் விமானத்திலேறிக் காத்திருந்தனர். குறித்த நாளில், குறித்த நேரத்தில் அது வந்தது, எரிந்து சிதைந்தது, அவர்தம் கருவிகள் அதனைப் பதிவு செய்தன. 1998ஆம் ஆண்டு சந்திரனுக்கு ஏவப்பட்ட ஓர் ஆய்வுக் கலத்தின் உந்துபகுதியாக அது இருத்தல் கூடுமென்று பின்னர்க் கருத்துத் தெரிவிக்கப்பட்டது. பொருள் இன்னதென்று தெரியாதிருக்கவும், அதனைப் பற்றித் தெரிந்தவற்றை ஒளியாது முன்கூட்டியே கூறியமையால், பீதி எழவில்லை.

பீதி எழுந்தால் என்ன விளையும் என்பதை நாம் அறிவோம். 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் ஒரு பேச்சு நாடெங்கும் பரவியது. மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களில் மக்கள் இரவிலே உறங்காது காவலிருந்தனர். கண்டோர் மீதெல்லாம் ஐயங்கொண்டனர். நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலே கும்பல்களின் கையில் மனித உயிர்களும் பலியாயின. அக்காலத்திலே, பெண்கள் தாம் தாக்கப்பட்டதாகக் கூறிய முறைப்பாடுகளும் இருந்தன. அவற்றை உரியவர்கள் உரிய வேளையில் ஒவ்வொன்றாகப் பதிந்து ஆராய்ந்திருந்தால், உண்மையான குற்றம் எது, ஊர்ப்பேச்சு எது என்று பிரித்தறிந்திருக்கலாம். வதந்தியின் தீமை ஒன்றன்று, இரண்டு. இல்லாத குற்றவாளியை அது படைக்கின்றது. இருக்கும் குற்றவாளியைத் தன் நிழலில் ஒளித்தும் வைக்கின்றது.

நம் பகுதி மக்களுக்கு இரவு வானத்து ஒளி என்பது பொழுதுபோக்கான செய்தியும் அன்று. போர் நிலவிய ஆண்டுகளிலே வானில் வெளிச்சம் தோன்றினால் எவரும் வேற்றுலகத்தை எண்ணவில்லை. பரா வெளிச்சம் என்று அதற்குப் பெயர் இருந்தது; அதன் பின்னால் யாது வரும் என்பதும் தெரிந்திருந்தது. தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விளக்கை அணைத்தனர். அவ்வாறு வானத்தை அஞ்சிப் பழகிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள் இன்று வானத்தை நிமிர்ந்து பார்த்து, "அது என்ன?" என்று வினவுகின்றனர். அவ்வினாவைப் பெறுதற்கரிய செல்வமாகவே நாம் கருதுதல் வேண்டும். "பேசாமற் படு" என்பதும் அதற்கு விடையன்று; "அது வேற்றுலகத்தார் விமானம்" என்பதும் விடையன்று.

இவ்வினாவை உலகின் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களும் இன்று மதிக்கத் தொடங்கியுள்ளன. நாசா அமைத்த பதினாறு பேர் கொண்ட குழு, 2023 செப்தெம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. இத்தோற்றங்கள் வேற்றுலகத்தைச் சார்ந்தவை என்பதற்குச் சான்று எதுவும் இல்லையென்று அக்குழு கூறிற்று. அத்துடன், தெளிவான தரவுகள் போதாமையே இவற்றை ஆராய்வதற்குப் பெருந்தடை என்றும், கண்டதைச் சொன்னால் பிறர் நகைப்பர் என்னும் அச்சம் அத்தடையை வளர்க்கின்றதென்றும் சுட்டிக்காட்டியது. ஏளனம் ஒரு விமானியின் வாயை மூடுகின்றது. அவர் கூறாது விட்டது வானிலே வந்த ஓர் உண்மையான ஆபத்தாகவும் இருத்தல் கூடும். வகுப்பறையில் நகைக்கப்பட்ட மாணவன் மறுமுறை கையுயர்த்துவதில்லை என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். விமானிகளின் நிலையும் அதுவே.

ஆகவே, வானிலே புதுமையான ஒன்றைக் கண்டால் யாது செய்தல் வேண்டும்? முதலில் மணியைப் பார்க்க வேண்டும். எத்திசையில் தோன்றி எத்திசையில் மறைந்தது என்பதைக் கோயிற் கோபுரம், தென்னை, பாலம் போன்ற நிலையான அடையாளத்தைக் கொண்டு குறிக்க வேண்டும். கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால், அம்முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகையாகும். அதனைக் கொண்டு உயரத்தை அளக்கலாம். எத்தனை நிமிடம் தெரிந்தது, சிமிட்டியதா, ஓசை உண்டா என்பவற்றையும் குறிக்க வேண்டும். இவையனைத்தையும் அயலாரோடு பேசுமுன்னரே எழுதிவிட வேண்டும். பேசியபின் எழுதினால் இருவர் நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அதன்பின் அறிந்தவற்றோடு ஒப்பிடலாம். ஓரிரு விநாடியில் மறைவது எரிகல். சிமிட்டாது ஊர்ந்து, சில நிமிடத்தில் வானைக் கடந்தோ நடுவானிற் பூமியின் நிழலில் மறைந்தோ போவது செய்மதி. மணிமாலை போல் வரிசையாகச் செல்வன, 2019ஆம் ஆண்டு முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செய்மதிகள். சிவப்பும் பச்சையும் சிமிட்டுவது விமானம். மெதுவாகச் சென்று பல துண்டுகளாக உடைந்து எரிவது, விண்ணிலிருந்து திரும்பும் உந்துகலத்துச் சிதைவு. மறுநாளும் அதே திசையில் ஏறக்குறைய அதே நேரத்தில் தோன்றுவது கோளோ விண்மீனோ ஆகும். விண்மீனாயின் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்தி எழும். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பவனுக்கு இது தானே விளங்கும். இவற்றுள் எதனோடும் பொருந்தவில்லையாயின், "தெரியவில்லை" என்று எழுதித் திகதியிட்டு வைத்தல் வேண்டும். அவ்வேடு என்றேனும் ஓர் ஆய்வாளனுக்குப் பயன்படும்.

நேயர்களே, "தெரியாது" என்னும் சொல் தோல்வியின் சொல்லன்று. பியோ அச்சொல்லோடுதான் லேகிள் ஊருக்குப் புறப்பட்டார். டெனென்ற் அச்சொல்லோடுதான் வாவியிலே தோணியேறினார். லடாக் எல்லையில் நின்ற வீரர்கள் அச்சொல்லைக் கூறத் துணிந்தமையாலேயே வெள்ளியை நோக்கித் துப்பாக்கி வெடிக்கவில்லை. இன்றிரவு வீட்டு முற்றத்திலே ஒரு குழந்தை வானத்தைச் சுட்டிக்காட்டி ஏதேனும் வினவுமாயின், அதனோடு சேர்ந்து நாமும் நிமிர்ந்து பார்ப்போம். தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால், ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்து அக்குழந்தையின் கையிற் கொடுப்போம்.